பிலோமினம்மாவின் மீன்நெல்லி

வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். ஹீட்டர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். பிலோமினம்மா நேரே பின்வளவுக்குப் போவார். கைப்பையிலிருந்து எவர்சில்வர் கரண்டி ஒன்றை எடுப்பார். குந்தியிருந்து மண்ணைக் கிளறி, ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டி, மோந்து பார்ப்பார். வீட்டுக்காரர் சாவியும் கையுமாகத் திகைத்து நிற்பார்.

"வீடு பார்க்க வந்தனியோ, கிணறு வெட்ட வந்தனியோ?" என்பார் கணவர் அன்டன்.

"இது களி. தண்ணி நிண்டு வேர் அழுகும். வாங்கோ, போவம்."

2006 மே மாதத்தில் இப்படி ஐந்து வீடுகள் கழிந்தன. ஜூலை முதலாம் தேதிக்குள் இருக்கிற வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த வீட்டின் பின் பல்கனியில், பாதியாக அறுத்த நீலப் பீப்பாய்கள் மூன்றில் மூன்று செடிகள் காத்திருந்தன. அவற்றை இறக்கி வைக்க மண் கிடைக்காவிட்டால் ஐந்து வருடப் பாடு வீணாகிவிடும்.

அந்தப் பாடு ஒரு பிழையில் தொடங்கியது.

2001 வசந்தத்தில் மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் செடி விற்கிற கடையொன்றைத் தாண்டும்போது, ஒரு தொட்டியில் செருகியிருந்த அட்டையைப் பிலோமினம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். கூஸ்பெரி. மன்னார், பேசாலையில் எட்டாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றுபோனது. ஆனாலும் கூஸ்பெரி என்றால் நெல்லி என்று சிஸ்டர் படிப்பித்தது மறக்கவில்லை. கனடாக் குளிரில் நெல்லியா! பேரம் பேசாமல் வாங்கினார். இதே இனம்தான் என்று கடைக்காரர் காட்டிய இன்னும் இரண்டையும் சேர்த்து வாங்கினார். ஒன்று சிவப்புக் கரன்ட், மற்றது கறுப்புக் கரன்ட்.

"கரன்ட் பற்றையோ? தொட்டால் அடிக்குமோ?" என்று சிரித்த அன்டன், நெல்லியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "இஞ்ச பிலோமி, நெல்லிக்கு எங்கயடி முள்?"

"குளிர் நாடெல்லே. உடுப்பு மாதிரி முள்ளுப் போட்டிருக்கும்."

மறு வருடம் காய் வந்தது. பச்சைக் கண்ணாடிபோல, மேலிருந்து கீழாக வெளிர்க் கோடுகள் ஓடின. நெல்லிக்கும் கோடு உண்டுதானே என்று ஆசையாகக் கடித்தார். உள்ளே கொட்டை இல்லை. நீரும் விதையும் புளிப்பும்தான். அன்டன் அன்று சிரித்த சிரிப்பு மேல்மாடிக்குக் கேட்டது. அங்கே குடியிருந்த வீட்டுக்காரி மதாம் ஜெர்வே எட்டிப் பார்த்து, "ஆ, குரோசெய் ஆ மாக்கரோ!" என்றார்.

பிலோமினம்மாவுக்கு முதல் சொல் விளங்கவில்லை. கடைசிச் சொல் நன்றாக விளங்கியது. கிழமைக்கு ஒரு தடவை மீன்கடையில் விரலால் சுட்டி வாங்குகிற மீனின் பெயர் அது. மாக்கரோ என்றால் கும்பளா. ஒரு காய்க்கு மீன் பெயரை ஏன் வைப்பார்கள்? ஏதோ பிரெஞ்சுக்காரப் பெண் அதை மீனோடு சமைத்திருக்கிறாள், அதனால்தான். இவ்வளவையும் அவர் தன்பாட்டில் யோசித்து முடித்தார்.

அந்த ஞாயிறு கோயிலால் வந்து அன்டன் கும்பளாக் குழம்புச் சோற்றில் கை வைத்தார். இரண்டாம் தரம் குழம்பு விட்டுக்கொண்ட பிறகுதான் கேட்டார்: "புளி எங்க வாங்கினனி?"

"புளியே விடேல்லை. உங்கட முள்ளு நெல்லிதான்."

அன்று அதற்கு மீன்நெல்லி என்று பெயர் விழுந்தது. பிறகு ஒவ்வொரு ஆவணி மாதா பெருநாளுக்கும் கோயில் மண்டபத்தில் முதலில் காலியாகிற சட்டி பிலோமினம்மாவுடையதாக இருந்தது.

சென்ட் லோரன்டில் மருந்து அடைக்கிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை. போத்தல் வரும், மூடி சரியா என்று பார்ப்பார், போத்தல் போய்விடும். பதினோரு வருடமாக அவர் கை பட்டது எதுவும் அவருக்கு முன்னால் கொஞ்ச நேரமாவது நின்றதில்லை. பின்வளவில் நின்ற மூன்றும்தான் நின்றன.

2003இல் அவற்றை வேலி கத்தரிப்பதுபோல ஒரே மட்டமாகக் கத்தரித்தார். மற்ற இரண்டும் காய்த்தன, கறுப்பு மட்டும் ஒன்றும் காய்க்கவில்லை. யாரையும் கேட்க அவருக்கு மனமில்லை. மகள் பிரியந்தியின் பழைய சுவெட்டரைப் பிரித்து, அந்த வருடம் முளைத்த கொப்புகளுக்கெல்லாம் சிவப்பு நூல் கட்டினார். அடுத்த வருடக் கொப்புக்கு மஞ்சள். அதற்கடுத்த வருடம் நீலம். கோடையில் எந்த நூல் கட்டிய கொப்பில் காய் கூட என்று எண்ணிப் பார்த்தார். கறுப்பு, போன வருடக் கொப்பில்தான் காய்க்கும். கிழடானதை அடியோடு எடுத்துவிட வேண்டும். மீன்நெல்லிக்கும் சிவப்புக்கும் இரண்டு மூன்று வருடக் கொப்புகள்தான் உயிர்; அவற்றைத் தொடக்கூடாது.

கல்லூரியில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த பிரியந்தி இதைக் கேட்டு வாயில் கை வைத்தாள். "அம்மா, இதைத்தானே எங்களை லாப்பில செய்யச் சொல்லுகினம்! நாங்கள் நோட்புக்கில எழுதிறம்."

"எனக்கு எழுத நேரமில்லைப் பிள்ளை. நூல் இருக்கு."

2005 டிசம்பரில் மதாம் ஜெர்வே கடிதத்தைக் கையிலேயே கொண்டுவந்து தந்தார். மகனுக்குக் கல்யாணம், கீழ்வீடு வேண்டும். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஜூலை ஒன்றில் மொன்றியலே வீடு மாறும், கட்டிலும் மேசையும் ஊர்வலம் போகும். கட்டிலுக்கு இலை இல்லை. செடிக்கு உண்டு. இலையும் காயுமாக வெயிலில் நிற்கிறதைப் பிடுங்கினால் தப்பாது என்று பிலோமினம்மாவுக்குத் தெரியும். மண்ணோ இப்போது கல்லாக உறைந்திருக்கிறது. உறைபனி இளகி மொட்டு விரிவதற்குள், ஏப்ரலில் ஏழெட்டு நாள் கிடைக்கும். அவ்வளவுதான்.

மார்ச் முடிவில் மண்ணின்மேல் கறுப்புக் குப்பைப் பைகளை விரித்துச் சூடேற்றினார். பரிசுத்த வாரத்தில் மொட்டு பருத்துவிட்டது.

"பெரிய வெள்ளியில மண் வெட்டப் போறியோ?" என்றார் அன்டன்.

"இல்லை. நாளைக்கு விடிய."

சனிக்கிழமை விடியப் பார்த்தால், பல்கனியில் மூன்று அரைப் பீப்பாய்கள், அடியில் துளையும் போட்டபடி. அன்டன் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றுகிற லொறிச் சாரதி. அந்தப் பக்கத்துப் பழைய சாமான் கடையில் வாங்கி அறுத்திருந்தார். "ரோட்டில கிடந்தது" என்று பச்சைப் பொய் சொன்னார்.

வட்டமாக வெட்டி, வேரை மண்ணோடு பெட்சீட்டில் சுற்றித் தூக்கினார்கள். பிறகு பிலோமினம்மா கத்தரியை எடுத்தார். கறுப்பை நிலத்திலிருந்து இரண்டு மொட்டு விட்டு மொட்டையடித்தார். மற்ற இரண்டையும் பாதியாக்கினார்.

"ஐயோ, முடிச்சிட்டாய்!"

"பாதி வேர் மண்ணுக்குள்ள அறுந்து போச்சு. மிச்ச வேர் எத்தினை கொப்புக்குத்தான் தண்ணி குடுக்கும்?"

மே மாதம் பூத்தபோது, பலம் வேருக்குப் போகட்டும் என்று அத்தனை பூவையும் கிள்ளி எறிந்தார். அந்த வருடம் பெருநாளுக்கு மீன்நெல்லிக் குழம்பு இல்லை என்பது அன்றே முடிவாகிவிட்டது.

ஆறாவது வீடு சென்ட் லோரன்டில் கிடைத்தது. வடக்குப் பார்த்த கீழ்வீடு, இருட்டு. வந்தவர்கள் எல்லாரும் வேண்டாமென்று போயிருந்தார்கள். சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஒடுங்கிய மண் துண்டு ஒன்று இருந்தது. கரண்டி சுகமாக இறங்கியது. "மத்தியான வெயில் படாது. மீன்நெல்லிக்கு அதுதான் விருப்பம்" என்றார்.

"எனக்கு என்ன விருப்பமெண்டு ஆராவது கேட்டியளோ?" என்று அன்டன் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை ஒன்றில் வெயில் கொளுத்தியது. வாடகை வானின் பின்பெட்டிக்குள் அடுப்பு மாதிரிச் சூடு. "பற்றை அதுக்குள்ள போகாது" என்று பிலோமினம்மா மறித்தார். கரன்ட் இரண்டையும் பிரியந்தியின் சிநேகிதி காரில் ஏற்றினாள். மீன்நெல்லி வானின் முன்சீட்டில், பெல்ட் போட்டபடி, அன்டனுக்குப் பக்கத்தில் இருந்தது. பிலோமினம்மா பஸ்ஸில் போனார். "பெஞ்சாதி பஸ்ஸில, பற்றை முன்சீட்டில!" என்று அன்டன் கோயிலில் ஒரு மாதம் சொல்லித் திரிந்தார். கன்னத்திலிருந்த கீறலையும் காட்டினார்.

கரன்ட் இரண்டும் தேறின. மீன்நெல்லி பத்து நாளில் இலை முழுவதையும் கொட்டிவிட்டது. பிலோமினம்மா அடிக்கொப்பில் நகத்தால் கீறிப் பார்த்தார். தோலுக்குக் கீழே பச்சை ஒரு நூலளவு இருந்தது. தினமும் தண்ணீர் விட்டார். ஒக்டோபரில் மூன்றையும் மண்ணில் நட்டபோது அது வெறும் முள்ளுக் குச்சியாக நின்றது. பிய்ந்துபோயிருந்த நூல்களைக் கழற்றி, அதே நிறத்தில் புது நூல் கட்டினார்.

"செத்ததுக்கு ரிப்பனோ?"

"செத்ததெண்டு அது சொல்லேல்லையே."

பனி விழுந்து மூடியது. பிறகு அதைப்பற்றி வீட்டில் கதையில்லை.

2007 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, போத்தல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றிக் என்ற மேற்பார்வையாளர் வேகமாக வந்து, "பிலோமின், தெலெஃபோன்! உன் புருஷன்!" என்று பிரெஞ்சில் கத்தினார். ஆபத்தென்றால் ஒழிய அந்தப் போனுக்கு யாரையும் கூப்பிட மாட்டார்கள். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பினார்கள். பிலோமினம்மா கையுறையைக் கழற்ற மறந்து ஓடினார்.

"என்னப்பா, பிரியந்திக்கு என்ன?"

"அவளுக்கு என்ன? வகுப்புக்குப் போட்டாள். இஞ்ச பிலோமி, முழிச்சிட்டுது!"

"ஆர் முழிச்சது?"

"உன்ர மீன்நெல்லி! நான் ஒவ்வொரு நாளும் கோப்பியோட போய்ப் பார்க்கிறனான். நேற்று இல்லை. இண்டைக்குப் பச்சை!"

என்ன, என்ன என்று மேற்பார்வையாளர் கையால் கேட்டார். பிலோமினம்மா அவருக்கு முதுகைக் காட்டிச் சுவரோடு திரும்பிக்கொண்டார்.

"எந்தக் கொப்பில?" என்றார் மெதுவாக.

"நீல நூல். அடியில. ரெண்டு துளிர்."

"கிட்டப் போய்ப் பார்த்தனீங்களோ, சும்மா எட்ட நிண்டோ?"

"முள்ளுக் குத்தி விரலால ரத்தம் ஓடுது, பேந்தென்ன கேள்வி உனக்கு!"