கறை டாக்டர் அலசிக் கொடுத்த டப்பா

எங்கள் அண்ணியைச் சலவைக்கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கறை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். மெஷினில் போடுமுன் ஒவ்வொன்றையும் மேசையில் விரித்து, இது காப்பி, இது உதட்டுச்சாயம், இது ரத்தம் என்று பார்த்தவுடன் சொல்லி அலசி எடுப்பது அவர் வேலை. "ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணிதான். சுடுதண்ணி பட்டுச்சோ, ஜென்மத்துக்கும் போகாது" என்பார்.

மூத்தவள் பிறந்தபோது அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பால் கட்டி, சட்டை நனைய நின்றுகொண்டே வேலை பார்த்தார். மகள் புட்டிப்பாலில் வளர்ந்தாள். பையன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டார்.

"இவனுக்காவது நான் பால் கொடுக்கணும், தம்பி. அவனா வேண்டாங்கிற வரைக்கும்" என்றார் என்னிடம்.

"பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டே கிடக்கான். வாடகை கேளு" என்று அண்ணன் சிரிப்பான்.

தவழும் முன்பே பையனின் மலத்தில் சிவப்பு இழைகள் தெரிந்தன. குடித்ததைக் கக்கினான். வீறிட்டு அழுதான். குழந்தை டாக்டரிடம் நானும் கூடப் போனேன்.

"குடலுக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணுமா?" என்றார் அண்ணி.

"இப்போ வேண்டாம், ஊசிகூட வேண்டாம். மலத்துல ஒரு புரதம் இருக்கு. குடல் புண்ணாகியிருந்தா அது ஏறும், அதை அளந்து பார்ப்போம். கைக்குழந்தைக்கு இயல்பாவே கூடுதலா இருக்கும்கிறதால அது மட்டுமே முடிவு இல்ல. நீங்க குடிக்கிற மாட்டுப்பால் உங்க பால் வழியா இவனுக்கு ஒத்துக்கலையோன்னு சந்தேகம்."

"அப்ப என் பாலை நிறுத்தணுமா?"

"வேண்டவே வேண்டாம். மாட்டுப்பால்தான் காரணம்னா நீங்க அதை விட்டா போதும்."

அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாளே, ஆய்வகத்தில் தந்த டப்பாவில் பையனின் மலத்தை எடுத்துக் கொடுத்தனுப்பினார்.

புரதத்தின் அளவு மிகக் குறைவாக வந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். ஆசனவாயில் சின்ன வெடிப்பு இருந்தாலும் ரத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். மாட்டுப்பால் காரணமில்லை என்று அண்ணி சந்தோஷமாக, பால் நன்றாக ஊறட்டும் என்று தினமும் சொம்பு நிறைய மாட்டுப்பால் குடித்தார்.

பையன் வெளுத்தான். ஒரு காலை, துவைத்துப் போட்ட துணிபோலத் தோளில் துவண்டு கிடந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆய்வகத்துப் பெண் புது டப்பாவோடு வந்தாள். அண்ணி பையன் மலம் கழித்திருந்த அணையாடையை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார்.

"ஐயோ அக்கா, எங்க போறீங்க?"

"ஒரே சளியும் ரத்தமுமா இருக்கேம்மா. இதைப் போயி எப்படிக் கொடுக்கறது? அலசிட்டு, நல்லதாப் பார்த்துத் தரேன். போன தடவையும் அப்படித்தானே கொடுத்தேன்."

அந்தப் பெண் அணையாடையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்தச் சளியிலதான்க்கா எல்லாமே இருக்கும்."

அண்ணி திறந்த குழாயை மூடவில்லை. நான்தான் போய் மூடினேன்.

இந்த முறை அளவு எங்கோ ஏறியிருந்தது. குடல் ரொம்பவும் புண்ணாகிவிட்டது, ஆறும்வரை மாட்டுப்பால் புரதம் இல்லாத தனிப் பால்மாவு மட்டும்தான் என்றார் டாக்டர். அண்ணி மாட்டுப்பால், தயிர் எல்லாவற்றையும் விட்டார். பால் வற்றிவிடக் கூடாதென்று மார்பைப் பிழிந்து பிழிந்து பேசினில் ஊற்றினார். நாளாக ஆக, ஊற்றுவதற்கும் ஒன்றும் வரவில்லை.

பையன் தேறினான். இனித் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அண்ணி அவனை மடியில் போட்டுக்கொண்டார். அவன் உள்ளங்கையால் அவரைத் தள்ளிவிட்டு, தலையைத் திருப்பிப் புட்டியைத் தேடினான். திரும்பத் திரும்ப அதையே செய்தான்.

"புள்ள பொழைச்சுட்டான்ல. அது போதாதா?" என்றான் அண்ணன்.

"போதும்" என்றார் அண்ணி. புட்டியை எடுத்து அவன் வாயில் வைத்தார்.

அவர் மறுபடி வேலைக்குப் போனார். ஒருநாள் வீட்டுச் சாவி கொடுக்க நான் சலவைக்கூடத்துக்குப் போனபோது, மேசையில் ஒரு வெள்ளை விரிப்பு கிடந்தது. நடுவே வட்டமாக ஈரம் காய்ந்து மொடமொடத்திருந்தது, லேசாகப் பால் வாடை அடித்தது. அண்ணி அதன்மேல் கையை வைத்தபடி நின்றார்.

"என்ன டாக்டர், அது என்ன கறை?" என்று மேற்பார்வையாளர் அங்கிருந்தே கத்தினார்.

"தெரியலீங்க" என்றார் அண்ணி.