நம்பர் கொடுக்கும் மேசை

எங்கள் அலுவலக வாசலில் ஒரு சக்கர நாற்காலி நிற்கிறது. தினமும் காலையில் அதைத் துடைத்து வைப்பது என் வேலைகளில் ஒன்று. மலேசியாவில் குளுவாங் என்ற ஊரில் உள்ள ஓர் அரசு சேவை அலுவலகம் அது. நடக்க முடியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் உதவிக் கருவி வாங்கித் தருவது எங்கள் பிரிவு. நான் அங்கே அலுவலக உதவியாளன். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றுபோனது. கோப்பு தூக்கி, தபால் கொண்டுபோய், கூட்டத்துக்குத் தேநீர் வைத்தே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். மாதாவின் தயவில் வீட்டில் சோற்றுக்கும் நிம்மதிக்கும் குறைவில்லை. இதை எழுதுவது யாரையும் குறை சொல்ல அல்ல. உள்ளே கிடந்து அறுக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன், எங்கள் அலுவலகம் தரச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. வழிகாட்ட ஜொகூர் பாருவிலிருந்து ஓர் அம்மையாரை அனுப்பினார்கள். தர நிர்வாக ஆலோசகர் என்று பதவி. யாழ்ப்பாண வம்சம், அரசாங்க வேலையில் ஓய்வுபெற்ற பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர். முதல் மூன்று நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. பொதுமக்கள் உட்காரும் இடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார். கவுண்டர் பெண்கள் பயந்துபோய் ஒரு தட்டு நிறையக் குவே பலகாரம் வைத்தார்கள்.

“நான் சாப்பிட வரேல்லை பிள்ளையள், பாக்க வந்தனான்” என்று சிரித்துக்கொண்டே தட்டை என் பக்கம் தள்ளினார்.

சுவரில் பெரிய பலகை ஒன்று உண்டு. வரிசை நம்பர் எடுத்த பதினைந்து நிமிடத்துக்குள் சேவை என்று அதில் எழுதியிருக்கும். அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. காரணத்தை அந்த அம்மையார் மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார்.

“கவுண்டருக்குப் போன பிறகுதான் தாள் இல்லையெண்டு தெரியுது. அங்கையே தேடி, அங்கையே எழுதி, அரை மணித்தியாலம் போகுது. வாசல்ல ஒருத்தர் இருந்து பாத்தா என்ன? இல்லாத தாளை எங்க வாங்கலாம் எண்டு சொல்லி, தேவையெண்டா ஒரு போன் அடிச்சுக் குடுத்து, பிறகு நம்பர் குடுக்கலாம்.”

நல்ல யோசனை. எங்கள் தலைமை அதிகாரி அதில் முதல் பாதியை எடுத்துக்கொண்டார். வாசலில் மேசை வந்தது. நம்பர் இயந்திரத்தை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தமிழ், மலாய், கொஞ்சம் ஹொக்கியன் சீனம் தெரியும் என்பதால் என்னை உட்காரவைத்தார்கள். தாள் முழுசாக இருந்தால் நம்பர், இல்லையென்றால் இல்லை. வருவதாகச் சொன்ன தொலைபேசி மட்டும் வரவே இல்லை.

ஒரே மாதத்தில் அறிக்கைத் தாளில் எல்லாம் பச்சை நிறமாக மாறியது. திங்கள் காலைக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கவுண்டரில் இருக்கும் தமிழ்ப் பெண் கேலி செய்தாள்: “அங்கிள், சிங்கப்பூர் பாலத்துலகூட இவ்ளோ செக்கிங் இல்ல லா! நாளைக்கு எனக்கும் உள்ள வர நம்பர் குடுப்பீங்களா?”

அந்தச் சமயத்தில்தான் ரெங்கம் ஊரை அடுத்த எஸ்டேட் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபதை ஒட்டிய வயது. பையிலிருந்து தாள்களை எடுக்கும் முன் ஒரு நைலான் கயிற்றை எடுத்து என் மேசையில் வைத்தார். அதில் இரண்டு முடிச்சு.

“இது என்னம்மா?”

“வீட்டுக்காரரு இடுப்பு அளவுங்க ஐயா. இனிப்பு நீரு, சக்கர வியாதியில ஒரு காலு எடுத்துட்டாங்க. தள்ற நாற்காலி குடுப்பீங்கன்னு சொன்னாங்க. சைஸ் சைஸா இருக்காமில்ல? அதான் அளந்து எடுத்தாந்தேன்.”

சட்டை தைக்க அளவு கொடுப்பதுபோல் கொண்டுவந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“இப்ப எப்படிமா சமாளிக்கிறீங்க?”

“பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு இழுத்துக்கிட்டுப் போவேன். ஆத்திர அவசரத்துக்கு ஒண்ணுக்குப் போக அது போதும். கிளினிக்குக்குப் போயிப் புண்ணுக்குக் கட்டுப் போடத்தான் முடியல. வேன்காரரு நாற்காலி இருந்தா ஏத்துறேங்கிறாரு, ஆளத் தூக்க மாட்டேங்கிறாரு. மத்த காலுலயும் புண்ணு வந்திருச்சுங்க. அது முத்துறதுக்குள்ள குடுத்துட்டா நல்லது.”

இந்த ஒரு நாற்காலிதான் அவருக்கு வேண்டியது. அது கிடைத்தால் கிளினிக். கிளினிக் போனால் மிச்சமிருக்கும் கால் தப்பும். ஆனால் அவரிடம் தோட்ட நிர்வாகத்தின் உறுதிக் கடிதம் இல்லை. நான் ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக் கொடுத்தேன். “மருத்துவர் கையெழுத்தும் தோட்டத்துக் கையெழுத்தும் இதிலேயே வாங்கிட்டு வாங்கம்மா.” நம்பர் கொடுக்கவில்லை.

இரண்டாவது தடவை மூன்று வாரம் கழித்து வந்தார். கையெழுத்து இருந்தது, சாப்பு, அதாவது தோட்டத்து முத்திரை, இல்லை.

“தோட்டத்து ஆபீஸ் கிராணி சாப்ப உள்ள வச்சுப் பூட்டிட்டு லீவுல போயிட்டாருங்க. கையெழுத்து அவரோடதுதான், நான் கண்ணால பாத்தேன்.”

“நீங்க பாத்தது கவுண்டர்ல செல்லாதேம்மா.”

அவர் கோபப்படவில்லை. திரும்பும்போது வாசலில் நின்ற சக்கர நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். “இது யாரோடதுங்க?”

“ஆபீஸ் சொத்தும்மா. வர்றவங்களுக்காக வச்சிருக்கு.”

“சும்மாதான நிக்குது?”

சும்மா நின்றது உண்மைதான்; ஆனால் அந்த நாற்காலி, சான்றிதழுக்கு இருக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் உள்ளது. முதுகில் சொத்து எண் ஒட்டியிருக்கிறது. அதை வாசலைத் தாண்டிக் கொண்டுபோக மூன்று கையெழுத்து வேண்டும்.

ஆலோசகர் அம்மையார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவார். அடுத்த முறை வந்தபோது அவரிடம் சொன்னேன். “மேடம், நம்பர் வாங்காமப் போறவங்க எந்தக் கணக்குலயும் வர்றதில்ல.” அவர் முகம் மாறிவிட்டது.

“எத்தனை பேர் தம்பி?”

“எழுதி வைக்கல மேடம்.”

கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டு எடுத்துக் கொடுத்தார். “எழுதுங்கோ. எந்த ஊர், என்ன தாள் இல்லை, எத்தினையாம் தரம். அதுதான் உண்மையான அறிக்கை.”

அன்றிலிருந்து எழுதினேன். நோட்டில் பாதி நிறைந்ததும் அவர் அதை வாங்கிக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனார். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. “சான்றிதழ் முடியட்டும் புவான், பிறகு பார்க்கலாம்” என்று, மேடம் என்பதற்கான மலாய்ச் சொல்லைப் போட்டு, அதிகாரி பணிவாகச் சொல்வது கேட்டது. நோட்டு என் கைக்கே திரும்பி வந்தது.

சான்றிதழுக்கான தணிக்கைக்கு இரண்டு வாரம் முன்பு, பழைய பாரங்களையெல்லாம் அகற்றச் சொன்னார்கள். புதுப் பதிப்பில் ஒரு கட்டம் கூடுதல், வேறு வித்தியாசம் இல்லை. பழையது ஒன்றுகூட மேசையில் இருக்கக்கூடாது என்பது ஆலோசகர் எழுதிய விதி. நானே பெட்டி பெட்டியாகக் கட்டிப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். அந்த வேலை செய்யும்போது, மக்கள் ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுபோன பாரங்கள் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே இருந்த யாருக்கும் தோன்றவில்லை.

தணிக்கை நாள். தரையெல்லாம் பளபளப்பு. தணிக்கையாளர் இருவர் உள்ளே நின்றார்கள். ஆலோசகர் அம்மையார் தம் பழைய இடத்தில், கடைசி வரிசையில். பத்து மணிக்கு ரெங்கத்து அம்மா வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“எல்லாம் இருக்குங்க ஐயா. கையெழுத்து, சாப்பு, டாக்டரு எழுதினது. நீங்களே பாருங்க.”

பார்த்தேன். எல்லாம் இருந்தது. மூலையில் பழைய பதிப்பு எண்ணும் இருந்தது. நான் கொடுத்த அதே பாரம்.

திருப்பி அனுப்புவதா? எனக்கு மனம் வரவில்லை. ஆண்டவரே என்று பொத்தானை அழுத்தி நம்பர் கொடுத்துவிட்டேன். உள்ளே இருப்பவர்களுக்கு இரக்கம் வரலாம் என்று ஒரு நப்பாசை.

அவரை உடனே கூப்பிட்டார்கள். கவுண்டர் பெண் பாரத்தைத் திருப்பிப் பார்த்தாள், தணிக்கையாளர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் புதுப் பாரம் ஒன்றை எடுத்து நீட்டினாள். நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. திரையில் அந்த நம்பருக்கு நேரே ‘சேவை நிறைவு’ என்று பச்சையில் வந்தது. தணிக்கையாளர் ஒருவர் அதைப் பார்த்துத் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அந்த அம்மா என் மேசைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“திரும்பவும் டாக்டருகிட்ட போவணுமாம். பரவால்லங்க ஐயா. இன்னிக்கு நம்பராச்சும் குடுத்தீங்க.” கயிற்றை எடுத்து மேசையில் வைத்தார். “இத நீங்களே வச்சிக்கங்க. தூக்கிட்டுத் தூக்கிட்டு வர்றதுல முடிச்சு அவுந்துருது. நாற்காலி வந்தா இந்த அளவுல பாத்து எடுத்து வைங்க.”

ஆலோசகர் அம்மையார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தணிக்கையாளர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் அதிகாரியிடம் நேராகப் போய், இந்த ஒரு பாரத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டார். அதிகாரி கெட்டவர் இல்லை. அவருக்கும் சங்கடம்தான். “நீங்கள் எழுதிய விதிதானே புவான்? சான்றிதழ் கைக்கு வரும் முன் நானே அதை மீறலாமா?” என்று கேட்டார்.

அம்மையார் வெளியே வந்து என் மேசை அருகே நின்றார். அன்றோடு அவர் ஒப்பந்தம் முடிகிறது.

“நான் யோசனை மட்டும்தான் சொல்லலாம் தம்பி. கையெழுத்துப் போடுற கை எனக்கில்லை.” பிறகு, “அந்த நோட்டை மட்டும் விட்டுடாதேங்கோ” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கார் பக்கம் போனார்.

சான்றிதழ் கிடைத்தது. சட்டம் போட்டு மாட்டினோம். கூட்டாஞ்சோறு மாதிரி ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவந்து விருந்தும் வைத்தார்கள். மறுநாள் காலை யாரும் வருமுன், வாசல் நாற்காலியைத் துடைக்கும்போது சட்டைப்பையில் கயிறு இருந்தது. எடுத்து நாற்காலியின் இருக்கையில் குறுக்கே வைத்துப் பார்த்தேன். ஒரு முடிச்சு இந்த ஓரம், மறு முடிச்சு அந்த ஓரம். அச்சாகப் பொருந்தியது. கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றேன்.

சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். நடந்ததைச் சொன்னேன். “இதில் உங்கள் பாவம் எது?” என்று சாமியார் கேட்டார். திருடவில்லை, பொய் சொல்லவில்லை, யாரையும் ஏசவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலும். செபமாலை சொல்லும்படி அனுப்பிவைத்தார்.

ஒரு மாதம் போயிற்று, அந்த அம்மா வரவில்லை. அன்று அவர் பாரத்திலிருந்த விவரங்களை என் நோட்டில் குறித்து வைத்திருந்ததால், புதுப் பாரத்தில் தெரிந்ததையெல்லாம் நானே நிரப்பி, ஞாயிறு பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரெங்கத்துக்குப் போனேன். தோட்டத்து வரிசை வீடுகளில் விசாரித்துப் போனால், கதவில் பூட்டு. வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பின்கால்கள் இரண்டும் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். “அவங்களா? அவருக்கு ரெண்டாவது காலையும் எடுத்துட்டாங்க அண்ணே. சாஆ டவுன்ல மக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“சாஆவுல எங்கம்மா?”

“தெரியலயே. போன் நம்பரும் மாத்திட்டாங்க. நீங்க யாரு, சொந்தமா?”

“இல்லம்மா, ஆபீஸ்” என்றேன். நிரப்பிய பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. மேசையில் வேறு ஒருவர் உட்காருவார். அவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். நோட்டை இன்னும் எழுதுகிறேன், மூன்றாவது நோட்டு இது. யாரும் கேட்டதில்லை. நிரப்பிய பாரமும் கயிறும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பதிப்பு திரும்பவும் மாறினால் புதிதில் எழுதி மாற்றி வைத்துக்கொள்கிறேன். காலையில் நாற்காலியைத் துடைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: மாதாவே, ரெங்கத்து அம்மா வருவதென்றால் நான் இருக்கும்போதே வரட்டும்.