காலால் பார்த்த கடை

துலுக்கானத்துக்குப் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உருக்கி வார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய். வலியே இல்லாமல் பார்வையின் ஓரங்களைத் தின்றுகொண்டு வந்து, கடைசியில் நடுவையும் மூடிவிட்டது. அன்றிலிருந்து மனைவி முனியம்மாவின் முழங்கைதான் அவருக்கு வழி. அவள் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி கேன்டீனில் வேலை பார்க்கிறாள்.

குத்தம்பாக்கத்தில் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்து, அதே மனையில் கான்கிரீட் வீடு கட்டினார்கள். கூரை முடிந்தது, பூச்சு முடிந்தது. தரை மட்டும் பாக்கி. மகள் ஜோதிகா பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை செய்பவள். முகம் தெரியும்படி பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் வீடு முழுக்க வேண்டும் என்று போட்டோவை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். எனக்கு லீவு இல்லை, நீயும் நைனாவும் போய்க் கடை பார்த்து வைத்துவிட்டு வாருங்கள் என்றாள்.

முதலில் கரையான்சாவடியில் ஒரு கடை. டைல்ஸ் எல்லாம் பலகையில் ஒட்டி, தலைக்கு மேல்வரை மாட்டியிருந்தது. துலுக்கானம் கையை நீட்டித் தடவியதும் கடைப் பையன் ஓடிவந்தான்.

“கை வெக்காதீங்க சார், வெரல் அச்சு வுழும். அம்மா, நீங்க பாருங்க. அவர வெளிய ஒக்கார வைங்க, சேர் போட்டுக்கீது.”

துலுக்கானம் வெளியே போய் உட்கார்ந்தார். முனியம்மா இரண்டு நிமிடம் கூட நிற்கவில்லை. வந்து அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

அடுத்தது வேலப்பன்சாவடியில், ரோட்டோரம் கண்ணாடி போட்ட பெரிய ஷோரூம். அங்கே மரியாதைக்குக் குறைவில்லை, காபி கூடக் கொடுத்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் டி.வி.யில்தான் காட்டினார்கள். வழவழத்த தரையில் துலுக்கானத்துக்கு ஒருமுறை கால் வழுக்கியது, நல்லவேளை, முனியம்மா தாங்கிக்கொண்டாள்.

“எப்பிடிய்யா கீது?” என்று கேட்டாள்.

“ஏசி நல்லா கீது” என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பும் வழியில், திருமழிசைக்கு முன்னால், ஒரு திறந்தவெளி யார்டு. கிரானைட் பலகைகளை வரிசை வரிசையாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் தகரக் கொட்டகையில் டைல்ஸ் அட்டைப்பெட்டிகள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனமில்லாமல் முனியம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

யார்டை நடத்துபவள் பத்மா. முட்டிவரை கல்தூள் படிந்த நைட்டி, தோளில் துண்டு. “வாங்க அண்ணே, வாங்கக்கா” என்றாள்.

இரண்டு வரிசைக்கு நடுவே போனதும் துலுக்கானம் நின்றுவிட்டார்.

“இங்க செவுரு எதுனா கீதா? என் கொரலு எனுக்கே திரும்பி வருது.”

“செவுரு இல்லண்ணே, கல்லு. உங்க ஒசரத்துக்கு மேல நிக்குது, ரெண்டு பக்கமும்.”

“தொடலாமா?”

“தொட்டுப் பாக்காம எப்பிடி வாங்குவீங்க? தொடுங்க.”

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தார். வெயிலில் வேர்த்திருந்த கை, நிழல் பக்கத்துக் கல்லில் பட்டதும் அப்படியே நின்றது. பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. கையை மேலே கொண்டுபோனார், எட்டும் மட்டும் கல். பக்கவாட்டில் நடந்தார், நடக்க நடக்க ஒரே கல். பிறகு கன்னத்தை அதில் வைத்துக்கொண்டார். முனியம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. பத்மா பார்க்காததுபோல் ஹோஸை எடுத்து அடுத்த பலகைமேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். தூசி படிந்து சாம்பலாக நின்ற கல்லில் நிறம் எழுந்தது.

“அம்மாடி!” என்றாள் முனியம்மா.

“இன்னாமே ஆச்சு?”

“கல்லுய்யா. எப்பிடிச் சொல்றது… கறுப்பு. ஆனா தண்ணியில மண்ணெண்ண சிந்துனா நீலமும் பச்சையுமா ஒண்ணு ஓடும் பாரு, அது மாறி உள்ள ஓடுது. அசையாம ஓடுது.”

துலுக்கானம் தலையை ஆட்டினார். அந்த நிறம் அவருக்குத் தெரியும்.

“இதெல்லாம் பூமிக்குள்ள நெருப்புக் கொழம்பா இருந்ததுண்ணே. மனுசனே இல்லாத காலத்துல ஆறி எறுகிப்போனது” என்றாள் பத்மா.

“உருக்குன இரும்பு மாறியா?”

“அப்பிடித்தான் சொல்றாங்க.”

துலுக்கானம் ஈரக் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. பட்டறையில் உலையைச் சாய்க்கும்போது பார்த்த அந்த ஆரஞ்சு வெள்ளம் அவர் முகத்தில் வந்து போனதை முனியம்மா கண்டாள். “அத்த நான் பாத்துக்கீறேன் தாயீ. இவ்ளோ பெரிய நெருப்பு, இவ்ளோ ஜில்லுனு ஆயிடுச்சே” என்றார்.

கொட்டகைக்கு வந்ததும் பத்மா அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, டைல்ஸ்களை எடுத்துத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்பினாள். “செருப்பக் கழட்டிட்டு நடங்கண்ணே. தரைய கால்தான பாக்கணும்.”

அவர் நடந்தார். ஒன்று அரிசி மாவைத் தொடுவதுபோல் மெத்தென்று. ஒன்றில் மரத்தின் வரிகள். ஒன்று சின்னச் சின்னப் புடைப்புகளோடு உள்ளங்காலைக் கிள்ளியது. கடைசிவரை போய்த் திரும்பினார். மறுபடி நடந்தார். இந்த முறை ஒவ்வொன்றிலும் நின்று, அடுத்ததில் கால் வைக்கும் முன்பே அது எது என்று சொன்னார்.

“முனியம்மா, கூடத்துக்கு மாவு மாறி கீதே, அது. சமையக்கட்டுக்கு இந்த வரி போட்டது. கக்கூஸ் பக்கம் இந்தக் கிள்ளுறது. கால வெச்சா எங்க கீறேன்னு எனுக்கே தெரிஞ்சிடும்ல?”

இப்படி ஒரு வழி இருக்கும் என்று ஆறு வருடத்தில் ஒருநாளும் முனியம்மாவுக்குத் தோன்றவில்லை. அந்த மனிதர் ஒரு கொட்டகைக்குள் நின்று தன் வீட்டைத் தானே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

இனி வேறு கடை இல்லை என்று அங்கேயே முடிவாயிற்று. ஜோதிகாவுக்குப் போன் போட்டார்கள்.

“நைனா, ரூமுக்கு ஒரு டைல்ஸா? ஊடு ஃபுல்லா ஒரே மாறி போட்டாத்தான் பாக்க நல்லாருக்கும்.”

“பாக்கறதுக்கு செவுரு கீதும்மா. செவுரு உனுக்கு, தரை எனுக்கு.”

“சரி நைனா” என்றாள் ஜோதிகா. சொன்னபடியே சுவர்களுக்கு மயில்கழுத்துப் பச்சை அடித்துத் தன் பங்கைத் தீர்த்துக்கொண்டாள்.

தரை போட வந்த அமல்ராஜ் இரண்டு நாள் முனகினார். “இன்னா அண்ணாத்தே, ஊடு மாறியே இல்ல, டைல்ஸ் கடை மாறி கீது.” மூன்றாம் நாள் முனியம்மா சொல்லித்தான் காரணம் தெரிந்தது. அதன்பிறகு யாரும் கேட்காமலே, ஒவ்வொரு வாசற்படியிலும் சொரசொரப்பான கிரானைட் பட்டை ஒன்றைப் பதித்துக் கொடுத்தார்.

தையில் பால் காய்ச்சினார்கள். உறவுக்காரர்கள் வருவதற்கு முன், விடிந்தும் விடியாத நேரத்தில், துலுக்கானம் முனியம்மாவின் முழங்கையை விட்டார்.

“நீ நில்லு.”

தனியாக நடந்தார். கூடம், பட்டை, சமையற்கட்டு, மறுபடி பட்டை, படுக்கையறை. பின்கதவுவரை போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். எங்கும் கையை நீட்டித் துழாவவில்லை. முனியம்மாவும் ஜோதிகாவும் வாசலில் மூச்சு விடாமல் நின்றிருந்தார்கள்.

கூடத்தின் நடுவில் வந்து நின்றவர் முகத்தில் ஒரு திகைப்பு.

“இன்னாமே, நம்ம ஊடு இவ்ளோ பெர்சா?”

“ரெண்டே ரூமுதான்யா” என்றாள் முனியம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

“இல்ல இல்ல, பெர்சுதான்” என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார்.