ஆற்றங்கரையில் பதினொரு கற்கள்

என் அப்பா தன் வாழ்நாளில் வரைந்த படங்களில் பெரும்பாலானவை கழிப்பறையும் கால்வாயும்தான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ், மார்க்கெட்டுக்குச் சாக்கடை, எங்காவது ஒரு சுற்றுச்சுவர். அப்படியே பதினைந்து வருடம் ஓட்டியவரிடம், எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பூங்கா ஒன்றுக்குப் படம் போடச் சொன்னார்கள். படகுத்துறை, படிக்கட்டு, பிள்ளைகள் விளையாட இடம். அன்று அவர் நாங்கள் குடியிருந்த முத்தியால்பேட்டைக்கு சைக்கிளை மிதித்து வந்த வேகத்தில் வழியில் செயின் கழன்று, கையெல்லாம் கரியோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் என்னைக் கேரியரில் உட்காரவைத்து ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் மறுமுனையோடு சேற்றில் இறங்குவார்.

அப்பாவிடம் ஒரு நோட்டு இருந்தது. பிரெஞ்சுக் கம்பெனிக்காரன் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. சிலர் அடிமைகள், சிலர் சிப்பாய்கள். சாமியாரிடம் அனுமதி வாங்கி, கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எழுதி வந்தவை. மொத்தம் பதினொன்று. கடைசிப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது எங்கள் குடும்பப் பெயர்.

என் முடி ஏன் எந்த எண்ணெய்க்கும் அடங்காது என்பதற்கான பதில் அந்த நோட்டில் இருந்தது. வகுப்பில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பதில் முன்பே தெரிந்திருந்தது. ஆப்பிரிக்கர்களை இளக்காரமாகச் சொல்லும் ‘காப்பிரி’ என்ற சொல்லால் கூப்பிட்டு, என் பின்னலுக்குள் பென்சிலைச் செருகி, அது விழாமல் நிற்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டில் நான் இதைச் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பாவின் என்ஜினியர் வீட்டுக்கு வந்தார். மேசைமேல் விரித்திருந்த டிரேசிங் பேப்பரைக் குனிந்து பார்த்தார். படகுத்துறையிலிருந்து மேட்டுக்குப் பதினொரு வட்டக் கற்கள் வளைந்து ஏறின. ஒவ்வொன்றின்மேலும் ஒரு பெயர். தலைப்பில், ‘இக்கரையில் வந்திறங்கிய ஆப்பிரிக்கர் நினைவாக’ என்று இருந்தது.

“கல்லு ஏன் இவ்ளோ பக்கத்துல பக்கத்துல இருக்கு?”

“பசங்க ஒண்ணுலேர்ந்து ஒண்ணு தாவுறதுக்கு சார்.”

“செத்தவங்க பேரு மேல ஏறிக் குதிக்கறதா? நல்லா இருக்குமா?”

அப்பா தாளின் சுருண்ட ஓரத்தை விரலால் நீவிவிட்டார். அப்புறம், “குதிக்கணும் சார். அவங்க யாரும் இந்தக் கரையில வெளையாடல” என்றார்.

என்ஜினியர் காப்பியைக் குடித்து முடித்தார். “திங்கக்கெழமை குடுத்துடுங்க. நான் கையெழுத்து போட்டு அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

“கடைசிப் பேரு யாருதுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாதா? பெரியவளப் பாக்க அடுத்த மாசம் கடலூர்லேர்ந்து வராங்க. இப்ப போயி கல்லுல வெட்டி வெக்கணுமா?”

“எங்க முப்பாட்டன் பேருதானே? திருடனா அவரு?”

“நான் அப்டி சொல்லல.”

“வேற எப்டி சொன்ன?”

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அக்காவின் கல்யாணத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. திறப்பு விழாவுக்கு என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் வருவார்கள், பதினோராவது கல்லில் எங்கள் பெயரை வாய்விட்டுப் படிப்பார்கள் என்பதுதான் என் கவலை. ஆனால் மறுநாள் நான் செய்ததை அம்மாவுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அப்பா வெளியே போயிருந்தார். அக்கா தையல் வகுப்புத் தோழி வீட்டில். அம்மா பாயில் கண்ணயர்ந்திருந்தாள். மையில் பிழை வந்தால் அப்பா பாதி பிளேடால் மெல்லச் சுரண்டி எடுப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பப் பெயரை மட்டும் எடுப்பதாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு கல் மட்டும் வெறுமையாக இருந்தால் சந்தேகம் வருமே என்று அடுத்ததையும் சுரண்டினேன். அப்படியே பதினொன்றும் போயின. தலைப்பைச் சுரண்டும்போது பிளேடு வழுக்கி என் ஆள்காட்டி விரலைக் கீறியது. பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா மேசையருகில் நின்றார். கத்துவார் என்று பயந்தேன். அவர் தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சுரண்டிய இடங்கள் ஆறிய சிரங்குபோல வெளுத்துத் தெரிந்தன.

“யாரு இது?” என்றார். குரல் உயரவில்லை.

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு நான் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த கையைப் பார்த்தாள்.

“நான்தான்” என்றாள்.

அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். நோட்டு அவரிடமே இருந்தது. உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் திரும்ப எழுதிவிடலாம். எழுதவில்லை. தலைப்பு இருந்த இடத்தில் ‘சிறுவர் தாவும் கற்கள்’ என்று எழுதி, மை காய ஊதி, தாளைச் சுருட்டி வைத்தார். தப்பித்தோம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அதன் பிறகு அப்பா தன் படங்களை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அம்மாவிடம் பேசாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. அரிசி, மண்ணெண்ணெய், அக்காவின் கல்யாணம் எல்லாம் பேசினார். அக்காவுக்குக் கடலூர் சம்பந்தமே அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் முப்பாட்டனைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

பூங்கா திறந்தபோது நான் ஒன்பதாவது. அந்த வாரமே நாங்கள் மூவரும் போனோம். வழவழப்பான பதினொரு கற்களிலும் பிள்ளைகள் தாவிக்கொண்டிருந்தார்கள். நானும் தாவினேன். அப்புறம் அப்பா ஒரு படகு எடுத்துத் தானே துடுப்புப் போட்டார். நடு ஆற்றில் கரையைப் பார்த்தபடி இருந்த அம்மா திடீரென்று சொன்னாள்:

“அந்தப் பேருங்களப் போட்டிருக்கலாம்.”

அப்பா துடுப்பை நிறுத்தினார். “நீதான சொரண்டுன?”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பக்கமும் திரும்பவில்லை, என் பக்கமும் திரும்பவில்லை. படகு தானாக மெல்லச் சுழன்றது. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டி நிற்கும்வரை மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அப்பா, இன்னொரு சுத்து போலாமா?” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி துடுப்பை எடுத்தார். நான் உண்மையைச் சொல்வேன் என்று அந்த மௌனத்தை அம்மா எனக்காகத்தான் அவ்வளவு நேரம் தாங்கிப் பிடித்திருந்தாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது சுற்று முதல் சுற்றைவிட நன்றாக இருந்ததாகத்தான் அப்போது நினைத்தேன்.