ஏரிக்கரைக்குப் போய்வந்த வெள்ளிக் கண்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கண் போய்ப் பல வருஷமாகிறது. மிச்சமிருந்த கண்ணிலும் புரை விழுந்து, திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முந்தின வாரம் முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன். பால் பொங்கி வழிந்திருக்கும்.

வெள்ளியில் ஒரு கண் தகடு வாங்கி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். ஆனால் அதைக் காணிக்கைப் பெட்டியில் போடத்தான் கால் வரவில்லை. மாதா சபைப் பெண்கள் எந்நேரமும் அங்கேயே இருப்பார்கள். அவர்கள் கால் தகடு, கைத் தகடு என்று கொண்டுவரும்போதெல்லாம், "தகடு குடுத்தாத்தான் மாதாவுக்குக் கண்ணு தொறக்குமா?" என்று கேட்டவள் நான். என் வாய் இந்த ஊருக்கே தெரியும்.

எங்கள் கோயில் பழைய கோயில். பெருங்களத்தூர் பக்கம் அடுக்குமாடிகள் வருமுன்னே, இது கிராமமாக இருந்தபோது கட்டியது. பின்பக்கம், மாதா சிலை இருக்கும் குகை மாதிரியான கெபியைத் தாண்டி, சுண்ணாம்புச் சுவரில் கல் பெயர்ந்த பொந்து ஒன்று உண்டு. கொஞ்ச நாளாக யார் யாரோ அங்கே வந்தார்கள். சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். பொந்திலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, எதையோ போட்டு, உள்ளே இருக்கும் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள்.

வெள்ளிக்கிழமை நானும் திறந்து பார்த்தேன். பாசிமணி, சாவி வளையம், ஒரு பொம்மைக் கார். தாள் நிறைய இங்கிலீஷில் பெயர்கள். பூசையில் வாசிக்கப் பெயர் எழுதிக் கொடுப்போமே, அதுதான் என்று நினைத்தேன். கார் வைத்தவர் வண்டி வாங்க வேண்டிக்கொண்டிருப்பார். என்னைப் போல வெளியே சொல்லப் பிடிக்காத ஜனங்கள் போலிருக்கிறது. தகட்டை உள்ளே வைத்து மூடினேன். அன்றைக்குக் கொஞ்சம் தூங்கினேன்.

ஞாயிறு சாயங்காலம் மனசு கேட்கவில்லை. போய்த் திறந்தால் கண் இல்லை. அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தவளை.

டப்பாவும் கையுமாக நிற்கும்போது ஒரு புருஷன் பெண்டாட்டி, போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

"ஆன்ட்டி, நீங்களும் ஆடுவீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"மாதா காணிக்கைய எவனோ தூக்கினு பூட்டான். நீ ஆடுறியான்னு கேக்குற."

புருஷன் பொறுமையாகச் சொன்னார். "இது காணிக்கை இல்லம்மா, ஒரு விளையாட்டு. டப்பாவ ஒளிச்சு வைப்பாங்க. போன் இடம் காட்டும், போய்த் தேடிக் கண்டுபிடிச்சு, தாள்ல பேர் எழுதணும். உள்ள இருக்கிறத எடுத்தா பதிலுக்கு ஒண்ணு வைக்கணும்."

"கண்ண எடுத்துட்டுத் தவளைய வப்பானா? நாளைக்கு எங்க வூட்டுக்காரருக்கு ஆபரேஷன்."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனைத் தடவினாள். "நேத்து ஒருத்தர் எடுத்திருக்காரு ஆன்ட்டி. வெள்ளிக் கண்ணு அழகா இருக்கு, ஊரைச் சுத்திப் பாக்கட்டும்னு எழுதியிருக்காரு. பீர்க்கன்கரணை ஏரிகிட்ட இன்னொரு டப்பாவுல வச்சிட்டாராம்."

அவர்கள் காரிலேயே ஏறினேன். ஜி.எஸ்.டி ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வண்டி நகரவில்லை. நான் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இறங்கி நடந்துவிடலாம் போலிருந்தது.

ஏரிக்கரையில் போன், இங்கேதான் என்றது. எங்கே என்று சொல்லவில்லை. கல்லைப் புரட்டினோம், புதரை விலக்கினோம், இருட்டிக்கொண்டு வந்தது. குப்பை கொட்டாதீர் என்று ஒரு பலகை, அதன் காலடியில் மலையாகக் குப்பை. அவர்கள் தயங்கினார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, பலகைக்குப் பின்னால் கையை விட்டேன். டப்பா ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே என் கண்.

"பதிலுக்கு ஏதாச்சும் வைக்கணும் ஆன்ட்டி."

"என் சாமான நான் எடுக்கறதுக்குப் பதில் வேறயா?"

ஆனாலும் ஓசியில் எடுத்துப் பழக்கமில்லை எனக்கு. தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி உள்ளே போட்டேன்.

கோயிலுக்குத் திரும்பியபோது கெபி முன்னால் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. சபைப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நழுவுகிற முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடுவில் நடந்துபோய், எல்லாரும் பார்க்க உண்டியலில் தகட்டைப் போட்டேன்.

சபைத் தலைவி மணியை உருட்டுவதை நிறுத்தினாள். "இன்னாக்கா, நீயா? வழி தப்பி வந்துட்டியா?"

"எங்க வூட்டுக்காரரு கண்ணுக்கு. என் வாயப் பாக்காம ஜெபத்தச் சொல்லு."

அவள் மறுபடி மணியை உருட்டினாள். அடுத்த பத்து மணியை எங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி அவருக்காகவே ஒப்புக்கொடுத்தாள்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "ஏரியெல்லாம் சுத்திப் பாத்த கண்ணாச்சே, நல்லாத் தெரியும். படு," என்று அவர் படுத்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார்.

"மூணு," என்றார் அவர்.

நான் டாக்டர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மூன்றுதான்.