சிவப்பு மையும் இரண்டு டாக்டர்களும்

கம்பவுண்டர் வேலை என்றால் மருந்து கலக்கிக் கொடுப்பது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். யார் எந்த டாக்டரை விட்டு எந்த டாக்டரிடம் நழுவுகிறார்கள் என்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதுதான் அதில் பாதிச் சோலி என்று யாரும் சொல்லவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் கோடைக்கானலில் எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள். பெரிய டாக்டர் அனுபவஸ்தர், கோபக்காரர். சின்ன டாக்டர் சிரித்துப் பேசுவார். இரண்டு பேர் அறையும் ஒரே வராந்தாவில் எதிரெதிரே. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் ஜன்னலில் உட்கார்ந்து சீட்டு எழுதுவேன்: பேர், ஊர், எந்த டாக்டர். அந்தச் சீட்டு நோயாளி கையிலேயே இருக்கும், எங்களிடம் நகல் கிடையாது. டாக்டரை மாற்ற வேண்டுமானால் பழைய டாக்டர் அதே சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "நீங்க எனக்கு வேண்டாம், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது? நீங்கள் கேட்டிருப்பீர்களா? நானும் கேட்டிருக்க மாட்டேன்.

வாத்தியாரின் இருமல்

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் மூக்குப்பொடி போடுவார். அதற்காகப் பெரிய டாக்டர் அவரைப் பத்துப் பேர் முன்னால் ஒரு பிடி பிடித்துவிட்டார். மனுஷன் முறையிடவும் செய்தார், ஆனால் என்னிடம் மட்டும், அதுவும் ரகசியமாக. அன்றிலிருந்து வெள்ளனே வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, பெரியவர் லீவா என்று கேட்பார். இல்லை என்றால் இருமிக்கொண்டே திரும்பிவிடுவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன், இப்படி இருமலைத் தள்ளிப் போடலாமா என்று. வாத்தியார் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "என்னமோங்க, என் இருமல் பெரியவர் மதுரைக்குப் போற நாள் பார்த்துத்தான் ஜாஸ்தியாகுது."

பேரி மரத்துக்கு மருந்து

மன்னவனூரிலிருந்து உருளைக்கிழங்கு போடுகிற விவசாயி ஒருவர் வயிற்றெரிச்சலுக்கு வருவார். பெரிய டாக்டர் கொடுத்த மருந்துக்கு எரிச்சல் கேட்கவில்லை. சின்ன டாக்டரை வெளியே தனியாகப் பிடித்து மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டார். ஆனால் பெரியவர் மனம் நோகக் கூடாதே! அதனால் மாதாமாதம் அவரிடமும் தவறாமல் காட்டி, பாட்டில் நிறைய மிக்சர் வாங்கிப் போவார்.

வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் அளவுக் காகிதத்தை நான் வெட்டிப் பாட்டிலில் ஒட்டி, அக்கறையாகக் கலக்கிக் கொடுத்த மிக்சர் அது. இரண்டையும் சேர்த்துக் குடிக்கிறாரோ என்று எனக்குக் கவலை. கேட்டதற்குச் சாதாரணமாகச் சொன்னார்: "வீட்டுக்குப் பின்னாடி பேரி மரம் கெடக்கு, அதுக்கு ஊத்திருவேங்க. காய்ப்பு ஒண்ணும் கொறையல."

பெஞ்சில் கிடந்தவள்

சவரியம்மாள் பேத்துப்பாறைக்காரி, கூலி வேலை. காய்ச்சலுக்குப் பெரிய டாக்டர் பென்சிலின் ஊசி எழுதினார். போட்ட ஐந்தாவது நிமிஷம் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, வராந்தா பெஞ்சில் விழுந்துவிட்டாள். பெரிய டாக்டர் ஓடி வந்து மாற்று ஊசி போட்டுக் காப்பாற்றினார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் கண் திறந்ததும், வெறும் வயிற்றோடு ஏன் வந்தாய் என்று அவளையே திட்டினார். அதுதான் அவள் புருஷன் அந்தோணிக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு மனுக் கொடுத்துவிட்டான். மனுவை எழுதியது யாரென்று கேட்காதீர்கள். இருமல்கார வாத்தியாரின் கையெழுத்து எனக்குத் தெரியும்.

கமிட்டி பெரியவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அடுத்த வாரம் சவரியம்மாள் பயந்து பயந்து வந்தபோது, அவர் ஒரு வார்த்தை பேசாமல் அவள் சீட்டை வாங்கி, சிவப்பு மையில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி, அடியில் கோடு போட்டார். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நான் மருந்து கொடுத்தேன். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஐயா ரொம்பக் கோவமா இருக்காகளோ?" அவர் எப்போதும் அப்படித்தான் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

புதுச் சீட்டு

நாலைந்து மாதம் கழித்து, தலையோடு கம்பளி போர்த்திய ஒருத்தி ஜன்னலுக்கு வந்தாள். அரிவாள் பட்டுக் காலில் சீழ். பேர் மரியபுஷ்பம், ஊர் பண்ணைக்காடு, சின்ன டாக்டர்தான் வேண்டும் என்றாள். கூட்டம் முட்டிக்கொண்டிருந்தது, முகத்தை யார் பார்த்தது? எழுதிக் கொடுத்தேன். சின்ன டாக்டர் புண்ணைப் பார்த்துப் பென்சிலின் எழுதினார்.

அன்றைக்கு ஊசி போடுவதும் நான்தான். முன்னே எப்போதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததும் சில்லென்று கையை இழுத்தாள், கம்பளி நழுவியது. சவரியம்மாள்! ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன். இன்னொரு நிமிஷம் கழித்துப் பார்த்திருந்தால் மருந்து உள்ளே போயிருக்கும்.

பெரியவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கும்பிட்டாள். பழைய சீட்டு எங்கே என்றேன். சுருக்குப் பையிலிருந்து எட்டாக மடித்ததை எடுத்தாள். மனுக் கொடுத்தவள் என்று சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறார், இதைக் காட்டினால் எந்த டாக்டரும் சரியாகப் பார்க்க மாட்டார், அதனால்தான் பேரை மாற்றினேன் என்று அழுதாள். நான் வாசித்துக் காட்டினேன்: இவருக்குப் பென்சிலின் போட்டால் உயிருக்கு ஆபத்து, யாரும் போடக் கூடாது.

சவரியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "அன்னைக்கும் நீங்கதான ஐயா ஜன்னல்ல இருந்தீக. இதப் படிச்சுச் சொல்லியிருக்கலாமே?"

சீட்டை வாங்கிக்கொண்டு நேரே சின்ன டாக்டரிடம் ஓடினேன்.

கையெழுத்து

சின்ன டாக்டர் தான் எழுதிய பென்சிலினைக் கோடு போட்டு நீக்கிவிட்டு வேறு மாத்திரை எழுதினார். நான் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு பெரியவர் அறைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, மாற்றுக் கையெழுத்துக் கேட்டேன். அவள் கேட்கப் பயந்ததை நான் கேட்டால் கடித்துத் தின்றுவிடுவாரா என்ன என்று போனேன், ஆனால் பயமாகத்தான் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் எழுதிய சிவப்பு வரிகளைப் படித்தார். பிறகு கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக் கையெழுத்தைப் போட்டார். அதற்கு இரண்டு விநாடிதான் ஆனது. சீட்டை நீட்டிச் சொன்னார்: "என்கிட்ட வரலைன்னாப் பரவால்லை. இந்தச் சீட்டை மட்டும் எந்த டாக்டர்கிட்ட போனாலும் காட்டச் சொல்லு."

அன்றிலிருந்து சிவப்பு மையில் யாருக்கு எது எழுதியிருந்தாலும் ஜன்னலிலேயே சத்தமாக வாசித்துக் காட்டினேன்; கம்பவுண்டர் ரொம்பத் திட்டுகிறார் என்று என்மேல் ஒரு மனு வந்ததுதான் மிச்சம்.