கதவைக் காட்டியவள்

டிவி நாடகம் பார்க்கிறவர்களை நான் ஒரு காலத்தில் மட்டமாகத்தான் நினைத்திருந்தேன். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்பேன். இந்த வருஷம் மகள் கொழும்பிலிருந்து வந்து, பதுளையில் எங்கள் வீட்டு டிவியில் எதையோ இணைத்து, பயங்கரவாதிகளைப் பிடிக்கிற ஒரு வெளிநாட்டுத் தொடரைப் போட்டுவிட்டுப் போனாள். ஒரு சீசன், பத்து பாகம். மூன்றாவது பாகத்தில் அடுப்பில் பருப்பைக் கருகவிட்டேன்.

தனியாகப் பார்க்கப் பயமாக இருந்ததால் அண்ணனைக் கூப்பிட்டேன். லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அண்ணி இறந்த பிறகு அடுத்த தெருவில் மகனோடு இருக்கிறார். மாலையில் ஜெபம் முடித்து ஆறு மணிக்கு வருவார். நாளுக்கு ஒரு பாகம்தான் என்பது அவருடைய சட்டம். அவர் வாயைத் திறக்காமல் பார்ப்பார், நான் வாயை மூடாமல் பார்ப்பேன்.

நல்ல சீசன் அது. குண்டு எங்கே இருக்கிறதென்று நமக்குத் தெரியும், தேடுகிற பெண் அதிகாரிக்குத் தெரியாது. அவளோ அரக்கப்பரக்க ஓடுவதில்லை. காருக்குள் உட்கார்ந்து ஆறிப்போன சாப்பாட்டைத் தின்றுகொண்டு ஒரு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காது, நமக்கு மூச்சு முட்டும். தமிழில் குரல் கொடுத்தவர்கள்தான் கொஞ்சம் கெடுத்தார்கள். பனியில் நடுங்குகிற வெள்ளைக்காரன் மெட்ராஸ்காரன் மாதிரிப் பேசினான்.

ஏழாவது பாகத்தில், அதிகாரிகள் தேடி வந்த ஆளின் கதவைப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கையால் காட்டுகிறாள். அவர்கள் உடைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். வேறு நாடகமாக இருந்தால் நாமும் அவர்கள் பின்னாலேயே போயிருப்போம். இதில் படம் அந்தப் பெண்ணோடு வெளியே நின்றுவிட்டது. உள்ளே சத்தம் கேட்கிறது. அவள் நீட்டிய கையைக் கோட்டுப் பைக்குள் வைக்கிறாள், எடுக்கிறாள், மறுபடி வைக்கிறாள். அந்தக் காட்சியை எடுத்தவனைக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. பத்து வயதில் நானும் அப்படி ஒரு கதவைக் காட்டியிருக்கிறேன்.

நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு விலாசம் கிடையாது. ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான். கடிதங்கள் ஆபீசுக்கு வரும். காலையில் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அண்ணனின் பெயரிலேயே மேலே இருந்த வீட்டு வரிசையில், மேல் லயத்தில், இன்னொருவர் இருந்தார். அவர் கடிதம் எங்களுக்கு வரும், எங்களுடையது அவருக்குப் போகும். மாற்றிக் கொடுக்க ஓடுகிறவள் நான்தான்.

யுத்த காலத்தில் ஒரு நாள் ஜீப்பில் வந்த ஆமிக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். பெரியவர்கள் சிங்களம் தெரியாதவர்கள்போல் நின்றார்கள். எனக்கோ பள்ளிக்கூடத்தில் படித்த நாலு வார்த்தையைக் காட்டிக்கொள்ள ஆசை. வந்தவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. அந்தப் பெயரோடு காகிதம் வந்தால் அது கடிதம்தான் என்று நினைத்தேன். மேல் லயத்துக்காரரைப் பற்றிச் சொல்லாமல், முந்திக்கொண்டு நாங்கள் இருந்த ஒற்றை அறை, எங்கள் காம்பராக் கதவைக் காட்டினேன். அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பத்தொன்பது நாள் கழித்து அண்ணன் திரும்பி வந்தார். இடது காது கேட்காமல் போயிருந்தது. யார் காட்டியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, பார்த்த சனங்களும் சொல்லவில்லை. தெரிந்தால் அண்ணன் என்னை வெறுத்துவிடுவாரோ என்ற பயம், எனக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் போகவில்லை.

டிவியை நிறுத்தினேன். அவருடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அன்னைக்கு ஜீப்புல வந்தவங்களுக்கு நம்ம கதவ காட்டினது நான்தான்."

அவர் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத நாளே சொன்னானுங்க," என்றார். "ஒன் தங்கச்சிதான் காட்டுச்சுன்னு. நான் நம்பல. பொய் சொல்லி மனச ஒடைக்கப் பாக்குறானுங்கன்னு நெனச்சேன். எவ்வளவு அடிச்சும் அத மட்டும் நம்பல. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் அங்க கெடந்தேன்."

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அழுதேன். என் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஆறு மணி ஆனது, ஆறரை ஆனது. நான் டிவி பக்கமே போகவில்லை. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பாதியில் நிறுத்திய ஏழாவது பாகத்தையே மறுபடி முதலிலிருந்து போட்டேன். ஆரம்பப் பாட்டு முடிவதற்குள் கேட்டார்.

"நேத்து கதவ காட்டின பொம்பளைக்கு இதுல ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தெரியலண்ணே."

"ஆகக்கூடாது," என்றார். "பாவம், அதுக்கு என்ன தெரியும்."